மாலை போடாத முகங்கள்

எங்கள் கடைக்கு வரும் முகங்களில் முக்கால்வாசி இறந்துபோனவர்களுடையவை. மிச்சத்தில் பாதி, பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுப் பெண்பிள்ளைகள். மறுபாதி, ஹோல் வாடகைக்கு எடுத்து ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடும் ஆண்கள். லண்டனில், வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது கடை. டேக்அவே மெனு அடிக்கிறோம், கோவில் நோட்டீஸ் அடிக்கிறோம், கல்யாண அழைப்பிதழும் அடிக்கிறோம். ஆனாலும் எங்களைப் பிழைக்க வைப்பது மரண அறிவித்தல் பேனர்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கல்யாணக்காரர்தான் இந்தக் கதையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

படங்களைச் சரிபண்ணுவது என் கணவர். ஜெர்மனியில் சமையலறை வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் கம்ப்யூட்டரை வைத்துத் தானாகவே பழகியவர். மருமகன்மார் போனில் அனுப்பும் மங்கல் படத்தை எடுத்து, கண்ணைத் துலக்கி, கன்னத்தை நிரப்பி, உயிரோடு இருந்த காலத்தில் சாரத்தைத் தவிர வேறொன்றும் உடுத்தாத மனிதருக்கு ஒரு கோட்டும் டையும் போட்டுவிடுவார். பின்னால் மேகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. முகத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே மலர்வு என்று ஒரு தேதி, உதிர்வு என்று ஒரு தேதி. செத்தவரைப் பெற்ற தாயே வந்து பார்த்தாலும், இவ்வளவு வடிவாகவா என் பிள்ளை இருந்தான் என்று கேட்கும்படி செய்துவிடுவார்.

இத்தனை பேருக்கு மாலை போட்ட எங்கள் கடையில், மாலை போடாத படம் ஒன்றும் இருந்தது. கல்லாவுக்குப் பின்சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில். அது என் அண்ணா. இலங்கையில் கடைசி யுத்தம் முடிந்த கிழமையில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தது அம்மாதான். பதிந்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பினார். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

அம்மா இன்னும் வன்னியில்தான் இருக்கிறார். வீதியோரப் போராட்டக் கொட்டகை ஒன்றில், அவரைப் போன்ற தாய்மாருடன், அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறப்புச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்க ஆட்கள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார்கள். வேண்டாமென்றார். "உயிரோட குடுத்தனான். நான் குடுத்தது பொருளில்லை, பிள்ளை. என்ன செய்தவை எண்டு வந்து சொல்லட்டும்." அதோடு கதை முடிந்தது. எங்கள் சொந்தத்தில் ஆரும் அண்ணாவுக்குத் திதி செய்யவில்லை, படத்துக்கு ஒரு பூ வைக்கவில்லை. வைத்தால் அம்மா அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார்.

எனக்கு அந்தப் பிடிவாதம் அலுத்திருந்தது. தாயைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாதுதான், ஆனால் அலுத்திருந்தது. மாலையைப் போட்டுவிட்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தால் அம்மாவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று கணவரிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மாமியார் விசயத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஓவியர் கடைக்கு வந்தார்.

அறுபது வயதிருக்கும் பெண்மணி. கட்டையாக வெட்டிய நரைமுடி, நகத்துக்குள் நீல நிறம், தோளில் பூப்போட்ட கட்டில் சீலையில் சுற்றிய பெரிய மட்டை ஒன்று. உள்ளே வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் எங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதிரிப் படங்களைக் காட்டி, "இந்தத் தெருவிலேயே முகங்களை இவ்வளவு பெரிதாக அடிக்கிற கடை இதுதான்," என்றார். பேசியது ஆங்கிலம், எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழில். தான் காசாவில் பிறந்தவர் என்றும், படிக்க வந்து லண்டனிலேயே தங்கியவர் என்றும், பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஓவியம் படிப்பிக்கிறவர் என்றும் சொன்னார். சனிக்கிழமை ஊர்வலத்தில் பிடிக்கப் போஸ்டர் வேண்டும்.

முதலில் கொண்டுவந்தது ஒரு வாளியின் படம். சும்மா ஒரு பிளாஸ்டிக் வாளி, மஞ்சள் நிறம், பாதியளவுக்குத் தண்ணீர். பின்னால் ஒன்றுமில்லை. கணவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன இருக்கு? ஒரு முள்ளுக்கம்பி போடுவம். பின்னால நெருப்பு. மேல மேப்பு. இந்த மூலையில ஒரு ரத்தத்துளி விழுற மாதிரி..." என்று என்னிடம் தமிழில் அடுக்கிக்கொண்டே போனார். எங்கள் ஆட்களின் ஊர்வலத்துக்கு அவர் செய்து கொடுத்த போஸ்டர்களில் இவை அத்தனையும் இருக்கும், இடம் மிச்சமிருந்தால் அழுகிற தாய் ஒருத்தியும் இருப்பாள். நான் அவர் சொன்னதைச் சுருக்கி ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஓவியர் கோபிக்கவில்லை, சிரித்தார். தானும் இளமையில் அப்படித்தான் செய்தாராம். ஒலிவ் மரம், குதிரை, தோடம்பழம், பூட்டிவிட்டு வந்த வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் ஒரே தாளில் கீறுவாராம். மாவைக் காய்ச்சிப் பசையாக்கிச் சுவர் சுவராக ஒட்டுவார்களாம். "அந்தச் சாவி பாவம். எத்தனை வருசமாக எங்களுக்காக உழைக்கிறது, களைத்துப் போய்விட்டது," என்றார். "ஒரு பஸ் கடந்து போகிற நேரம்தான் போஸ்டருக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒன்றைத்தான் பார்க்க ஏலும். தண்ணீருக்குப் போனவர்கள் வரவில்லை. ஆகவே வாளி."

வாளியை அப்படியே அடித்துக் கொடுத்தோம். கணவருக்கு மனம் ஆறவில்லை. வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் கவுன்சிலிடம் தண்ணீர் கேட்கிற மாதிரி இருக்கும் என்று இரண்டு நாள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு ஓவியர் அடிக்கடி வந்தார். வரும்போது ஏலக்காய் போட்ட கோப்பி ஒரு பிளாஸ்கில் வரும். எங்கள் வடையைக் கண்டதும் இது எங்கள் சாப்பாடு என்று உரிமை கொண்டாடினார். அவர்கள் கடலையில் செய்வதை நாங்கள் பருப்பில் செய்கிறோம், ஓட்டை மட்டும் மேலதிகம் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வடை விசயத்தில் எவருக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒருநாள் ஒரு முகத்தைக் கொண்டுவந்தார். நாற்பத்தைந்துக்கு மேல் மதிக்கக்கூடிய ஆண். ஒட்டிய கன்னம், இரண்டு நாள் தாடி, வாய் ஏதோ சொல்ல எடுத்தது போல் கொஞ்சம் திறந்திருந்தது. "என் தம்பி," என்றார். "காசாவில் பள்ளிக்கூட வாத்தியார்." அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான்: ஒருவர் ஒரு முகத்தைக் கொண்டுவந்து, என் தம்பி என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றால், நாங்கள் தலையை ஆட்டிவிட்டு அளவு என்ன என்று கேட்போம். பெயரை அரபியில் எழுதிக் கொடுத்தார். அடுத்தநாள் வகுப்பிலிருந்து போன் பண்ணி, தன்னால் இன்று வந்து பார்க்க ஏலாது, உங்கள் ஆட்களுக்குச் செய்வது போல அழகாகச் செய்யுங்கள், ஒன்று அடித்து வையுங்கள், பிறகு வந்து பார்க்கிறேன் என்றார். போனை எடுத்தது கணவர்.

அதற்கு அடுத்தநாள் நான் பல்வைத்தியரிடம் போயிருந்தேன். பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், ஓவியர் மேசைக்கு முன்னால் நிற்கிறார். கணவர் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு, கோவிலில் தேர் இழுத்து முடித்தவரின் முகத்தோடு நிற்கிறார். மேசையில் போஸ்டர்.

வாளிக்கு வைக்க முடியாமல் போன அத்தனை அன்பையும் இதில் வைத்திருந்தார். மேகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஐந்து திரியும் எரிகிறது. முகத்தைச் சுற்றி மாலை, அதுவும் சாதாரண மாலையில்லை, கோவில் தலைவர் செத்தபோது பூப்பூவாக வெட்டி எடுத்துச் செய்த விசேட மாலை. தாடியைக் கூடச் சவரம் செய்திருந்தார். கீழே தமிழில் மலர்வு, உதிர்வு. தேதி தெரியாததால் இரண்டுக்கும் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு இடம் விட்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. செத்தவர் என்று கணவருக்கு ஆரும் சொல்லவில்லை. செத்தவர் இல்லை என்றும் ஆரும் சொல்லவில்லை. எங்கள் கடைக்குப் பெரிய முகமாக வருகிற ஆம்பிளை, ஒன்றில் ஐம்பதாவது பிறந்தநாள்காரர், இல்லாவிட்டால் மேலே போனவர். இந்த முகத்தைப் பார்த்தால் கேக் வெட்டுகிற முகமாகத் தெரியவில்லை. ஆகவே விளக்கை ஏற்றிவிட்டார்.

ஓவியர் நிமிராமலே, உதிர்வு என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இங்கே என்ன எழுதியிருக்கிறது?"

மரத்த வாயோடு ஒரு பொய்யைத் தேடினேன். எங்கள் வழக்கம், மரியாதைக்கு இப்படி விளக்கு வைப்போம், பெரிய மனிதருக்கு மாலை போடுவோம், இவை வாழ்த்துச் சொற்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதில் பாதி உண்மையும்கூட. அவர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "எனக்கு இதைத் தெரியும். நானே எத்தனை செய்திருக்கிறேன்."

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பத்தொன்பது, இருபது வயதில் அவரிடம் ஊர்ப் பெடியன்மாரின் படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். இறந்த பெடியன்மார். விடிவதற்குள் போஸ்டர் வேண்டும். மேகத்துக்குப் பதிலாக அவர் மசூதியைக் கீறுவார், ரோஜாவுக்குப் பதிலாக அவர்கள் வயல்களில் பூக்கும் சிவப்புப் பூ. சுவரில் ஒட்டினதும் தாய்மார் வந்து கையைப் பிடித்து முத்தமிடுவார்களாம். ஒருநாள், படத்தைக் கொடுத்துப் போஸ்டரும் அடித்து ஒட்டினபிறகு, அந்தப் பெடியன் ஆஸ்பத்திரியில் கண் விழித்திருக்கிறான். காயம் மட்டும்தான். வீட்டுக்கு வந்தவன் தெரு முழுக்கத் தன் முகம் பூக்களோடு இருக்கிறதைப் பார்த்திருக்கிறான். அவனும் அவன் தாயும் சுவர் சுவராகப் போய் உரித்தார்களாம். இவரும் கூடப்போய் உரித்தாராம். மாவுப் பசை நல்ல பசை, நகம் கிழிந்ததுதான் மிச்சம் என்றார்.

"அதற்குப் பிறகு நான் இறந்தவர்களைக் கீறுவதில்லை. என் தம்பி மாவு வாங்கப் போனவன். வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் எவருக்கும் தெரியாது. தெரியாததை நான் கீற மாட்டேன்."

இதை நான் கணவருக்குத் தமிழில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுதினால் அச்சில் ஏற்ற ஏலாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையென்று தொடங்கி, எங்கட கடையிலையே பூ வைக்காத படம் ஒண்டு இருக்கேக்க உங்களுக்கு எங்க போச்சுது மூளை என்று கத்தினேன். மரத்த வாயால் எச்சில் வழிந்ததையும் கவனிக்கவில்லை. கத்தி முடித்த பிறகுதான், மாலையைப் போடத் துடித்துக்கொண்டிருந்தவள் நான்தானே என்று உறைத்தது. என் அண்ணாவுக்குப் போடலாம், இந்த மனிசியின் தம்பிக்குப் போடக்கூடாது என்றால் என்ன ஞாயம்? அந்தப் புள்ளிக்கோட்டைத் திரும்பப் பார்த்தேன். அம்மா பதினைந்து வருசத்துக்கு மேலாக எதை வேண்டாம் என்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

கணவர் போஸ்டரை எடுத்து, நாலாக எட்டாகக் கிழித்து, குப்பைத்தொட்டியில் போடாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஓவியரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "என் பிழை. உங்கட தம்பிக்குத் தாடியைத் திருப்பி வைக்கிறன்," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஓவியர் அந்தத் தாடிக் கதையைக் கேட்டுச் சிரித்தார், சிரிப்பு நிற்க நேரமெடுத்தது.

புதிதாக அடித்த போஸ்டரில் முகம் மட்டும்தான். கீழே அரபியில் பெயர். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: இன்று இவருக்கு வயது நாற்பத்தெட்டு.

அன்றைக்குக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அண்ணாவின் படத்தைக் காட்டி, இவருக்கும் மாலையில்லை என்றேன். ஓவியர் எழுந்துபோய்க் கிட்ட நின்று பார்த்தார்.

சில மாதத்துக்கு ஒருதடவை அவர் தம்பியைப் புதிதாகக் கீறிக்கொண்டு வருவார். ஒரு படத்தில் தாடி வளர்ந்திருக்கும். இன்னொன்றில் நெற்றியில் ஒரு கோடு கூடியிருக்கும். கழுத்து மெலிந்து சட்டைக் கொலர் தொளதொளக்கும். குளிர் தொடங்கியதும் படத்தில் தம்பி ஆருடையதோ ஒரு பெரிய ஸ்வெட்டர் போட்டிருந்தார். வயது நாற்பத்தொன்பதானது. கணவர் ஒரு மயிரைக்கூடத் தொடாமல் அடித்துக் கொடுப்பார். "இந்த முறை ஆளுக்குக் கொஞ்சம் முகம் தெளிஞ்சிருக்கு" என்பார், ஊரிலிருந்து வந்த செய்தியைச் சொல்வது போல. ஊர்வலத்தில் இந்தப் போஸ்டரைக் கண்டவர்கள் எப்போது இறந்தார் என்று கேட்கிறார்களாம். இறக்கவில்லை என்றால், அப்போது எதற்குப் போஸ்டர் என்று கேட்கிறார்களாம். சொல்லிவிட்டு ஓவியர் கோப்பியை ஊற்றுவார்.

கோடை விடுமுறைக்கு எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தது. என்ன கொடுத்து அனுப்ப என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். வழக்கமாகச் சொக்லேட்டும் முழங்காலுக்குப் பூசுகிற கிரீமும் கேட்பார்.

"ஒண்டும் வேண்டாம். அண்ணான்ர படத்தை மட்டும் புதுசா அடிச்சு அனுப்பு. இது வெயிலில வெளுத்துப் போச்சு, பிள்ளை. போறவாற ஆக்களுக்கு முகமே தெரியேல்லை."

அண்ணாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்திருந்தபோது ஓவியர் வந்துவிட்டார். அடையாள அட்டைக்கு எடுத்த படம். முப்பத்தாறு வயது, கறுகறுவென்ற மீசை, எண்ணெய் வைத்து இழுத்த தலை.

"இப்போது அவருக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

நான் சொல்லத் தடுமாறினேன். எனக்கு அண்ணா எப்போதும் முப்பத்தாறுதான். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எனக்கோ அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. தம்பி போல ஆகிவிட்டார் அந்தப் படத்தில். விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னேன். "ஐம்பத்திநாலு."

"நான் கீறட்டா?"

கூடாது என்றுதான் முதலில் சொன்னேன். அம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது? அவர் வற்புறுத்தவில்லை. நான்தான் மறுநாள் போன் பண்ணி, சரி என்றேன்.

அவர் என்னை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகளை எந்தப் பொலிஸும் கேட்டிருக்காது. உங்கள் அப்பாவுக்கு முடி முன்னாலிருந்து போனதா, உச்சியிலிருந்தா? நரை மீசையில் தொடங்கியதா, காதோரத்திலா? குடும்பத்தில் ஆருக்குக் கண்ணாடி? பல் விழுந்தவர்கள் உண்டா? உங்கள் அண்ணா கோபம் வந்தால் எந்தப் புருவத்தைத் தூக்குவார்? எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு முன்நெற்றி ஏறினது. எங்கள் எல்லாருக்கும் நாற்பதோடு கண்ணாடி. அண்ணா சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் இடப்பக்கப் புருவத்தைத் தூக்குவார், பேசமாட்டார். சொல்லச்சொல்ல அழுகையும் வந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அந்த பஸ் போன கதையைத் தவிர அண்ணாவைப் பற்றி ஆரும் என்னிடம் எதையும் கேட்டு எத்தனை காலம்!

படம் வந்தது. காதோரம் வெள்ளை, மீசை பாதி வெள்ளை. ஏறின நெற்றி. சட்டைப் பையில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. கழுத்து மெலிந்திருந்தது. இடப்பக்கப் புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கணவர் எழுந்து நின்று பார்த்தார். "அத்தான்" என்று மட்டும் சொன்னார். அவர் அண்ணாவை நேரில் கண்டதே இரண்டு தடவைதான்.

அம்மாவுக்குக் காட்டாமல் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. கடையைத் திறந்தவுடன், அங்கே மத்தியானம் கழிகிற நேரம், வீடியோவில் எடுத்தேன். ஓவியரும் வந்திருந்தார். அம்மா கொட்டகையில் இருந்தார். பின்னால் பஸ் போகிற சத்தம். எங்களுக்குத் தெரிந்த பெண் ஓவியர் ஒருவர் கீறினது என்று சொல்லி, போஸ்டரைப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

அம்மா முகத்தைத் திரைக்குள் புகுத்துகிற மாதிரிக் கிட்டக் கொண்டுவந்தார்.

"கண்ணாடி எடுத்திட்டானோ?"

"ஓம் அம்மா."

"மெலிஞ்சு போனான்." பிறகு, குரல் மாறி, அவசரமாக: "அவ இவனை எங்க கண்டவவாம்? கேள் பிள்ளை. எந்த இடத்தில கண்டவ?"

நான் பயந்தது இதற்குத்தான். போஸ்டரைக் கீழே இறக்கினேன். கணவர் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காணேல்லை அம்மா. பழைய படத்தைப் பார்த்துக் கீறினவ. இப்ப இருந்தா எப்பிடி இருப்பார் எண்டு கீறினவ."

அம்மாவின் முகம் அப்படியே நின்றது. நான் செய்தது பெரிய பாவம் என்று அந்த நேரம் நினைத்தேன். மாலை போட்டிருந்தால்கூட இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. வீதியில் இன்னொரு பஸ் போனது. அம்மா முந்தானையால் போனின் திரையைத் துடைத்தார், தன் கண்ணைத் துடைக்கவில்லை.

"திருப்பிக் காட்டு."

காட்டினேன்.

"அப்ப அவவுக்கு எப்பிடித் தெரியும், இவன் உப்புக் குறைஞ்சா இப்பிடிப் பாக்கிறவன் எண்டு?"

"நான் சொன்னனான். அவ கேட்டுக் கேட்டுக் கீறினவ. அவவின்ர தம்பியையும் காணேல்லை அம்மா. காசாவில. மாவு வாங்கப் போன இடத்தில. அவரையும் இப்பிடித்தான், வயசு கூட்டிக் கூட்டிக் கீறிக்கொண்டிருக்கிறா."

"ஆர், பக்கத்தில நிக்கிறவவோ?"

போனை ஓவியர் பக்கம் திருப்பினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவியர் நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தார். அம்மா கை தூக்கி ஏதோ சைகை செய்தார், இரு, இரு என்பது போல. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவவின்ர தம்பின்ர படத்தை மடியில வைச்சிருக்க இஞ்ச ஆரும் இருக்கினமோ?"

"இல்லை அம்மா. அங்க ஆர் இருக்கப்போகினம்?"

"அப்ப அதையும் இதோட சேத்து அனுப்பு. ரெண்டையும் ஒரே அளவா அடி. ஒரு கையில இவன், மற்றக் கையில அந்தப் பெடியன்."

ஓவியர் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மறுபடியும், சத்தமாக:

"பேரைத் தமிழில எழுதிவிடு பிள்ளை. ஆரும் கேட்டா நான் சொல்லோணும்."